வடம் அறுந்தால் யாருக்குச் சொல்வது? பட்டக் காற்றாலைக்கு ஏற்ற பதிவு முறை எது

என் அக்கா பையனும் அவன் கல்லூரிக் கூட்டாளிகள் மூன்று பேரும் குடிமங்கலம் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டைக் குத்தகைக்குப் பேசி வைத்திருக்கிறார்கள். வைகாசியில் காற்று எழும்பியதும் அங்கே பட்டம் பறக்கவிட்டு மின்சாரம் எடுத்துப் பார்ப்பது திட்டம். இறக்கை, வின்ச், ஜெனரேட்டர் எல்லாம் பேசி முடித்தாயிற்று. முடியாமல் நிற்பது ஒரே ஒரு விஷயம். "ஏதாச்சும் தப்பாப் போச்சுன்னா அதை எங்க எழுதறது, யாருகிட்டச் சொல்றதுன்னு நாலு பேரும் நாலு விதமாப் பேசறோம் மாமா. நீங்க மில்லுலயும் இருந்திருக்கறீங்க, காத்தாடியிலயும் இருந்திருக்கறீங்க. ஒரு வழி சொல்லுங்க" என்றான்.

அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். (சென்னைக்காரர்களுக்கு: உங்களுக்குக் காத்தாடி என்றால் பட்டம். பல்லடம், உடுமலைப் பக்கம் காத்தாடி என்றால் காற்றாலை. இந்தப் பையன்கள் இரண்டு ஊர் வழக்கையும் ஒரே எந்திரத்தில் தீர்த்துவைக்கப் பார்க்கிறார்கள்.)

எந்திரம் வேலை செய்யும் விதம் நம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சட்டென்று விளங்கும். கவலை இறைத்த காலத்தில் மாடு சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டுப் பறி மேலே வரும்; மாடு பின்னால் ஏறும்போது வெறும் நடை. பட்டக் காற்றாலையும் அப்படித்தான். துணியாலோ கார்பன் இழையாலோ செய்த இறக்கை, 200 முதல் 400 மீட்டர் உயரத்தில் எட்டுப் போட்டுக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே பாய்கிறது. அந்த இழுப்பில் தரையிலுள்ள டிரம்மிலிருந்து வடம் உருவிப் போக, டிரம் சுழன்று ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. வடம் தீர்ந்ததும் இறக்கையைச் சாய்த்து இழுப்பைக் குறைத்து, கிடைத்த மின்சாரத்தில் ஒரு பங்கைச் செலவழித்துத் திரும்பச் சுற்றிக்கொள்கிறது. சும்மா நிற்கும் பட்டத்தைவிடக் குறுக்கே பாயும் பட்டம் பல மடங்கு ஆற்றல் தரும் என்று 1980இல் அமெரிக்காவின் மைல்ஸ் லாய்ட் கணக்குப் போட்டுக் காட்டினார். நெதர்லாந்தின் கைட்பவர், ஜெர்மனியின் ஸ்கைசெய்ல்ஸ், நார்வேயின் கைட்மில் ஆகியவை இன்று இந்த வேலையில் இருக்கின்றன.

ஆபத்து எங்கே என்று கேட்டால் நான் முதலில் கைகாட்டுவது வடத்தைத்தான். இறக்கை விழுவது கண்ணுக்குத் தெரியும், மின்னல் வரும் நாளில் பறக்கவிடாமல் இருந்துவிடலாம். வடம் தேய்வது மட்டும் தெரியாது. ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்தால் நாளைக்கு 10 மணி நேரப் பறப்பில் 400 சுற்று. 120 நாள் காற்றுக்கு 48,000 தடவை அந்த வடம் டிரம்மில் வளைந்து நிமிர்கிறது. பெரும்பாலும் இதற்கு டைனீமா என்ற செயற்கை இழை வகையைத்தான் எடுக்கிறார்கள். எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பல மடங்கு வலு, தண்ணீரில் போட்டால் மிதக்கும். ஆனால் சூடு தாங்காது. 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். உராய்வு, வெயில், மண் மூன்றும் அதற்கு எதிரி. நம் ஊரில் மூன்றுக்கும் பஞ்சமில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது. எனவே அறுந்த வடமும் பட்டமும் பையன்களின் குத்தகைக் காட்டில் விழாது, கிழக்கே அடுத்தவர் காட்டில்தான் விழும். நடுவில் காற்றாலைகளின் மின்கம்பிகள் வேறு.

சரி, பையன்களின் நான்கு கட்சிகள்.

முதல் கட்சி: நமக்குள் ஒரு நோட்டுப் போட்டால் போதும்

செலவில்லை, அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே எழுதலாம், நாலு பேரும் நண்பர்கள் என்பதால் மறைக்க ஒன்றுமில்லை என்பது வாதம். எனக்கும் ஒரு காலத்தில் இந்த எண்ணம்தான்.

நான் வேலை பார்த்த ஒரு நூற்பாலையின் வாசலில் பலகை ஒன்று உண்டு. "விபத்தில்லா நாட்கள்" என்று மேலே பெயின்ட்டில் எழுதி, கீழே எண்ணுக்கு மட்டும் கரும்பலகை. தினமும் காலை ஷிப்டில் அந்த எண்ணை அழித்து ஒன்று கூட்டி எழுதுவது என் வேலை. முந்நூறைத் தாண்டிய ஒரு நாள் கார்டிங் எந்திரத்தில் ஒரு பையனுக்கு விரல் நசுங்கியது. சூப்பர்வைசர் தன் ஸ்கூட்டரிலேயே அவனை ஏற்றிக்கொண்டு போய்க் கட்டுப் போட்டுக் கூட்டிவந்தார். மறுநாள் அவனுக்கு ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. நான் வழக்கம்போல ஒன்று கூட்டி எழுதினேன். யாரும் என்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை. எண்ணை உடைக்கும் ஆளாக நான் இருக்க வேண்டாமே என்று நானாக எழுதியதுதான். பிறகு மாதத்துக்கு ஐந்து "நியர் மிஸ்" (அடிபடாமல் மயிரிழையில் தப்பியது) கட்டாயம் எழுதித் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஐந்தும் வந்தன, மாதாமாதம்: தரையில் எண்ணெய், பல்பு எரியவில்லை, தரையில் எண்ணெய்.

ஆகவே நோட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோட்டு இல்லாமல் எந்த வேலையும் நடக்காது. ஆனால் அதை எழுதுகிறவனும் அதனால் அடிபடுகிறவனும் ஒரே ஆளாக இருந்தால், எழுத்து மெல்ல மெல்லத் தரை எண்ணெய்க்கு வந்து சேரும். நண்பர்கள் என்றால் இன்னும் சீக்கிரம் வரும். பிரேக்கை விட்டது கூட்டாளி என்றால் யார் எழுதுவது?

இந்த நோட்டில் கட்டாயம் இருக்க வேண்டியது ஒன்று உண்டு: பறந்த மணி நேரமும் சுற்றுக் கணக்கும். "இந்த வருஷம் மூன்று தடவை வடம் அறுந்தது" என்றால் அதில் ஒரு அர்த்தமும் இல்லை. 30 மணி நேரத்தில் மூன்றா, 1,000 மணி நேரத்தில் மூன்றா என்று தெரிந்தால்தான் பேச முடியும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் விழுந்ததை மட்டும் எண்ணுவார்கள். விழாமல் பறந்த நேரத்தை எண்ணி வைக்கப் பையன்களால் மட்டுமே முடியும்.

இரண்டாம் கட்சி: சட்டம் கேட்பதை மட்டும் கொடுப்போம்

சட்டம் என்ன கேட்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். 1934ஆம் வருஷத்து வானூர்திச் சட்டம் "வானூர்தி" என்பதற்குக் கொடுத்த விளக்கத்தில் பலூன், ஆகாயக் கப்பல், கிளைடர் ஆகியவற்றோடு பட்டமும் உண்டு. (மொட்டை மாடியில் பட்டம் விட்ட நாமெல்லாம் சட்டப்படி வானூர்தி ஓட்டியவர்கள்.) அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் வந்திருக்கிறது. கணினி வைத்துத் தானே பறக்கும் பட்டத்தை ட்ரோன் கணக்கில் சேர்த்தால் 2021 ட்ரோன் விதிகள் வரும். அதன்படி கட்டுப்பாடு குறைந்த வான்பகுதியான பச்சை மண்டலத்திலும் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரைதான் முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். பையன்களின் பட்டம் வேலையைத் தொடங்குவதே அதற்கு மேலே. பீளமேட்டு விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் தள்ளி இருந்தாலும், கேட்காமல் பறக்கவிடும் உயரம் இல்லை அது. விபத்து என்றால் 48 மணி நேரத்துக்குள் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

மின்சாரப் பக்கம் வந்தால் 2003 மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவு. எனக்கு இந்தப் பிரிவின் மேல் ஒரு மரியாதை உண்டு. மின் உற்பத்தி தொடர்பான விபத்தில் மனித உயிரோ விலங்கின் உயிரோ போனால் மட்டும் இல்லை, போயிருக்கக்கூடும் என்றாலும் அறிவிப்பு கொடுக்கச் சொல்கிறது. காங்கேயம் காளைக்கு அடிபட்டாலும் கணக்கு உண்டு. உயிர்ச்சேதம் என்றால் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மின் ஆய்வாளருக்குத் தகவலும், எந்த விபத்தானாலும் 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் அறிக்கையும் போக வேண்டும்.

இந்தக் கடமைகளில் பேரம் பேச இடமில்லை. பையன்களின் செலவுக் கணக்கில் இதற்கு ஒரு ஆளின் நேரத்தை எழுதி வைக்க வேண்டியதுதான். ஆனால் இது மட்டும் போதுமா என்றால் போதாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வடம் அறுந்து, 150 மீட்டர் நீளத்துக்கு யாருமில்லாத நிலக்கடலைக் காட்டில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு அடியில்லை, மாட்டுக்கு அடியில்லை, கம்பியில் படவில்லை. எந்த அலுவலகமும் இதைக் கேட்காது. கற்றுக்கொள்ள அதிகம் இருப்பது இந்த நிகழ்வில்தான்.

மூன்றாம் கட்சி: நடுவர் ஒருவரிடம் கொடுப்போம்

1974 டிசம்பர் 1ஆம் தேதி வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514ஆம் எண் விமானம், வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். தரைக் கட்டுப்பாட்டிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு விமானி ஒரு பொருள் கொண்டார், சொன்னவர் வேறு பொருள் கொண்டிருந்தார். விசாரணையில் இன்னொன்று தெரியவந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, அதே குழப்பத்தில் அதே மலையில் மோத இருந்து மயிரிழையில் தப்பியிருக்கிறது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. பக்கத்து நிறுவனத்து விமானிகளுக்குச் சொல்ல வழியே இல்லை.

இதை என் அக்கா பையனுக்குச் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. குடிமங்கலத்துக்கும் பூளவாடிக்கும் நடுவில் நாளைக்கு இரண்டு அணிகள் பறக்கவிட்டால் இதே கதைதானே.

அதற்குப் பிறகு அமெரிக்க விமானத் துறை நிர்வாகம் தானே ஒரு புகார்ப் பெட்டியைத் திறந்தது. விமானிகள் நம்பவில்லை. உரிமத்தைப் பறிக்கும் கையிலேயே தப்பை எழுதிக் கொடுப்பது யார்? எனவே 1976 முதல் அந்தப் பெட்டி நாசாவிடம் போனது. நாசாவுக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. தப்பு நடந்த 10 நாளைக்குள் எழுதிப் போட்டால், அது வேண்டுமென்றே செய்ததாகவோ குற்றமாகவோ விபத்தாகவோ இல்லாத பட்சத்தில், தண்டனையிலிருந்து விலக்குக் கிடைக்கும். பெயர் எழுதிய துண்டைக் கிழித்து எழுதியவருக்கே அனுப்பிவிடுவார்கள். மிச்சமுள்ளதைத் தொகுத்து எல்லாரும் படிக்க வெளியிடுவார்கள். அரை நூற்றாண்டாக அது ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் ஊரில் அந்த நடுவர் இடத்துக்குக் கோவையின் பொறியியல் கல்லூரி ஒன்றின் பேராசிரியர் பொருத்தமாக இருப்பார் என்பது என் எண்ணம். பணமும் போட்டிருக்கக் கூடாது, நிலமும் கொடுத்திருக்கக் கூடாது, அந்த நான்கு பேருக்கும் மார்க் போடுகிறவராகவும் இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனைதான் கஷ்டம். பையன்கள் படித்த கல்லூரியாக இல்லாமல் இருந்தால் நல்லது.

இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான விமானிகள் எழுதுகிறார்கள்; பெயரை எடுத்துவிட்டால் யார் என்று தெரியாது. இங்கே வட்டாரத்திலேயே ஒரு பட்டம்தான். கோயிலில் ஒரே ஒரு யானையை வைத்துக்கொண்டு "ஒரு யானை மிரண்டது" என்று பெயர் போடாமல் எழுதினால் யாருக்குத் தெரியாது? ஐரோப்பாவில் ஏர்போர்ன் விண்ட் யூரோப் என்ற சங்கம் இந்த நிறுவனங்களை ஒன்றுசேர்த்து வைத்திருக்கிறது. பன்னாட்டு ஆற்றல் முகமையின் காற்றாற்றல் திட்டத்தில் 48ஆம் பணிக்குழு இந்தத் துறைக்காகவே இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தால் ஓட்டை கொஞ்சம் அடைபடும். அதுவரை நடுவர் முறை தரும் மறைப்பு அரைகுறை என்று தெரிந்தே இறங்க வேண்டும். ஆனாலும் எழுதுகிறவனுக்கும் தண்டிக்கிறவனுக்கும் நடுவே மூன்றாவது ஆள் இருக்கிறார் என்பதே என் கரும்பலகையைவிட எவ்வளவோ மேல்.

நான்காம் கட்சி: எல்லாவற்றையும் ஊருக்குத் திறந்து வைப்போம்

இதைச் சொன்னது அந்த நாலு பேரில் இளையவன். அவன் கையில் மக்கானி என்ற பெயர் இருந்தது. 2006இல் கலிபோர்னியாவில் தொடங்கி, 2013இல் கூகுள் வாங்கி, 2019இல் ஷெல் பணம் போட்ட பட்டக் காற்றாலை நிறுவனம். எட்டு சுழலிகளும் 26 மீட்டர் இறக்கையும் கொண்ட அதன் 600 கிலோவாட் எந்திரம் 2019 ஆகஸ்டில் நார்வே கடலில் மிதவை மேலிருந்து பறந்தது. அங்கே நடந்த இரண்டாவது பறப்பின் முடிவில் கடலில் விழுந்தது. 2020 பிப்ரவரியில் நிறுவனத்தை மூடினார்கள். அதே வருஷம் அறிக்கைகள், பறப்புப் பதிவுகள், மென்பொருள் எல்லாவற்றையும் பொதுவில் வைத்தார்கள்; காப்புரிமையை வைத்து யார் மேலும் வழக்குப் போட மாட்டோம் என்றும் அறிவித்தார்கள். எங்கே எப்படி விழுந்தது என்பது வரை படிக்கக் கிடைக்கிறது. இந்தத் துறைக்கு இவ்வளவு பெரிய சொத்தை வேறு யாரும் விட்டுப்போகவில்லை.

விட்டுப்போவது என்ற சொல்லைக் கவனியுங்கள். அது உயில். உயிரோடு இருந்தபோது கொடுத்தது இல்லை. உயிரோடு இருக்கிற நிறுவனத்துக்கு முதலீட்டாளர் இருக்கிறார், இன்சூரன்ஸ் இருக்கிறது, குத்தகை கொடுத்தவர் இருக்கிறார். எதையும் எழுதி வைக்காமல் கண்ணை மூடும் நிறுவனத்தோடு பாடமும் புதைந்துபோகும். 2022இல் இதே துறையிலிருந்த நெதர்லாந்தின் ஆம்பிக்ஸ் பவர் திவாலானது போலத் திடீரென்றுகூட அது நடக்கலாம். ஆகவே திறந்து வைப்பது நல்லதுதான். நடந்த அன்றே வைப்பதா என்பதுதான் கேள்வி.

இளையவன் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தான், எனக்குப் பிடித்துப்போனது. "அங்கிள், நாம மறைச்சா மட்டும் மறையுமா? பட்டம் உளுந்தா நாம போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே உடுமலை வாட்ஸ்அப் குரூப்புல வீடியோ இருக்கும்." உண்மை. கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சாவும் நைலான் நூலும் கழுத்தை அறுத்த செய்திகளைப் படித்துப் படித்து மக்கள் ஏற்கனவே பயந்திருக்கிறார்கள். 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்க நைலான் மாஞ்சாவுக்குத் தடை போட்டது. தாராபுரம் ரோட்டில் ஒரு வடம் குறுக்கே விழுந்த படம் வெளியானால் அதற்குப் பக்கத்தில் மாஞ்சாப் படத்தையும் சேர்த்தே போடுவார்கள். அந்தச் சமயத்தில் "விசாரித்துச் சொல்கிறோம்" என்பதற்கு மேல் பையன்கள் பேசினால் வம்பு. காரணம் தெரியாமல் அன்றே எழுதும் அறிக்கை பெரும்பாலும் காற்றின் மேல் பழி போடும். ஆடி மாசத்தில் காற்றைக் குற்றம் சொல்வது சுலபம், அது வாய் திறக்காது.

யாருடைய கட்சியிலும் இல்லாத ஆள்

நாலு பேரும் பேசி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நோட்டு, சட்டம், நடுவர், திறந்த ஏடு, நான்கிலும் எழுதுகிறவர் பட்டம் விடுகிறவர். விழுவதை முதலில் பார்க்கிறவர் அவரில்லை. கிழக்குக் காட்டில் மக்காச்சோளத்துக்குக் களை எடுக்கும் அம்மாவும் ஆடு மேய்க்கும் தாத்தாவும்தான் பார்ப்பார்கள். 2025 ஜனவரியில் பொள்ளாச்சி பலூன் திருவிழாவிலிருந்து கிளம்பிய பலூன் ஒன்று பாலக்காட்டு வயலில் போய் இறங்கியதே, அங்கேயும் முதலில் நின்றது வயலுக்குச் சொந்தக்காரர்கள்தான்.

அந்தத் தாத்தாவுக்கு ஒரு டைனீமா வடம் கிடைத்தால் என்ன செய்வார்? நானாக இருந்தால் என்ன செய்வேனோ அதைத்தான். மாடு கட்டலாம், தேங்காய் லாரிக்குச் சுமை கட்டலாம், மழையில் நனைந்தாலும் இற்றுப்போகாது. பிய்ந்துபோன நுனி அசிங்கமாகத் தொங்கும், அரிவாளை எடுத்து நறுக்கிவிடுவார். அந்த நுனியில்தான் பதிலே இருக்கிறது. இழைகள் உருகி ஒட்டியிருந்தால் உராய்வுச் சூடு. பஞ்சு போலப் பிரிந்திருந்தால் தேய்மானம். ஒரே வெட்டாக இருந்தால் ஏதோ கூர்மையானதில் பட்டிருக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எது எப்படிப் பழுதாகும் என்று பறப்பதற்கு முன்பே பட்டியல் போட்டு வைக்கும் முறையை இந்தத் துறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்ல பட்டியல்தான், ஆனால் பட்டியலில் எந்த வரி உண்மையில் நடந்தது என்பதைச் சொல்லப்போவது அரிவாள் படாத நுனி.

ஆகவே என் தேர்வு இப்படி. நோட்டு தினமும் உண்டு, வாசல் பலகை கூடாது. சட்டம் கேட்பது 24, 48 மணிக் கணக்கில் போய்விட வேண்டும். அதில் யோசனைக்கே இடமில்லை. அடிபடாமல் தப்பியதெல்லாம் நடுவருக்கு. காற்று ஓய்ந்த ஐப்பசியில், வருஷத்துக்கு ஒருமுறை, பறந்த மணிக் கணக்கோடு எல்லாவற்றையும் தமிழில் அச்சடித்து ஊரில் கொடுப்பது. தேதியை இப்போதே குறித்துவிட வேண்டும். நல்ல வருஷமானால் வெளியிடுவோம் என்று விட்டால் அது நடக்காது. இதற்கெல்லாம் முன்னால், வடத்தில் பத்து மீட்டருக்கு ஒரு சிவப்புப் பட்டையும், விழுந்தால் தொடாமல் கூப்பிட ஒரு போன் நம்பரும். போனை எடுப்பது அந்த நாலு பேரில் ஒருவராக இருக்கக் கூடாது, நடுவர் பக்கத்து ஆளாக இருக்க வேண்டும். கூப்பிட்டவருக்கு அந்த நாள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு கிழக்குக் காட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். பட்டம், வடம், நுனி, போன் நம்பர் எல்லாவற்றையும் பையன் கால்மணி நேரம் விளக்கினான். பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எல்லாஞ் சரிங்க தம்பி. நுனிய உட்டுப்போட்டு மிச்சக் கவுத்த நான் வெச்சுக்கலாமுங்களா?" என்றார்.

பையன் என்னைப் பார்த்தான். மீட்டர் என்ன விலை என்று அவனுக்குத் தெரியும்.

"அறுந்த எடத்துலருந்து இருபது அடி எங்களுக்கு, மிச்சம் உங்களுக்குங்க" என்றேன்.

"அப்ப எழுதிக் குடுத்துருங்க" என்றார்.